ஒரு சாம்பிள் ஷூவும் ஒரு குரூப் போட்டோவும்

“…எங்க கிளாஸ்ல பாதிப் பேரு மாத்திப் போட்டுக்கினுதான் வர்றாங்க. மிஸ்ஸு இன்னா, அடிக்கவா செய்யுறாங்க?”

இதைச் சொன்னவளுக்குப் பத்து வயது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புது ஷூ, ஒன்றே ஒன்று. எதிரே அவளுடைய அப்பா. சுவரோரம் அம்மா. சோப்பு நுரை காயாத கையோடு சிஸ்டர். கத்தரிக்கோலும் பஞ்சுமாக நான். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ. அப்போது மணி ஒன்பதரை.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால், என் வழக்கப்படி கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். எதையும் நேராகச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் டாக்டராகியிருப்பேன். நான் டிரஸ்ஸர். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போடுகிற வேலை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அதற்கப்புறம் படித்ததெல்லாம் கட்டுப் போட வந்தவர்களின் வாயிலிருந்துதான். புண்ணில் மருந்து படும்போது மனுஷன் யோசித்துப் பேச மாட்டான். அந்த நேரத்துப் பேச்சுக்கு ஒரு தனி ருசி. அதையெல்லாம் சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் சிஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. ‘இனிமேல் இங்கே செய்ய ஒன்றுமில்லை’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை வீட்டிலேயே போய்ப் பார்ப்பது. ஆஸ்பத்திரிப் பெரியவர்கள் சிலர், “அங்க போயி இன்னா செய்வீங்க?” என்று கேட்டார்கள். “இங்க செய்ய ஒண்ணுமில்லன்னா அங்க செய்ய எவ்ளோ இருக்கும்னு யோசிங்க” என்றார் சிஸ்டர். அந்த வேலைக்கு இன்றைக்குப் பெரிய பெயரெல்லாம் உண்டு. அன்றைக்கு எங்கள் டிரைவர் டிரிப் ஷீட்டில் ‘ஆம்பூர் லைன், பிள்ளைங்க’ என்று எழுதுவார். அதோடு சரி.

புதன்கிழமை ஏழு மணிக்கு ஜீப் கிளம்பும். அது கிளம்பினால்தான் எங்களுக்குப் புதன்கிழமை. “இது ரிட்டயராயி அஞ்சு வருஷம் ஆவுது சார். அது கிட்டதான் யாரும் சொல்லல” என்பார் டிரைவர். பின்சீட்டில் மருந்துப் பெட்டி, கொதிக்க வைத்த துணிக்கட்டு, ஒரு டஜன் பழைய தலையணை. மூச்சு முட்டுகிற பிள்ளையை எப்படிச் சாய்த்து உட்கார வைப்பது, வலி மருந்தை வலி வருவதற்கு முன்னால் மணி பார்த்து எப்படிக் கொடுப்பது, மலச்சிக்கலுக்கு என்ன செய்வது, இதையெல்லாம் அம்மாக்களுக்குச் சிஸ்டர் சொல்லிக்கொடுப்பார். யாராவது அழுதுகொண்டே வந்து நின்றால், “முதல்ல கையக் கழுவுங்க, அப்புறம் கவலப்படலாம்” என்பார். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அதுதான்.

அந்தப் பெண் இருந்தது ஆம்பூரில், தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில். அதற்கு முந்தைய வருஷம் எலும்பில் வந்த கட்டிக்காக வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் நோய் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. வெட்டிய இடத்தில் ஒரு மூலை ஆறாமல் கசிந்துகொண்டிருந்தது. அதற்காகத்தான் நான் போனேன்.

முதல் நாளே அவள் என்னை அளவெடுத்துவிட்டாள்.

“மாமா, ஆஸ்பத்திரில எனக்குத் தூக்கமே வர்ல. ஏன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

“வலி ஜாஸ்தியா இருந்துதா?”

“இல்ல. அந்த ஊர்ல நாத்தமே இல்ல. தோல் நாத்தம் இல்லாம எப்டி மாமா தூங்குறீங்க?”

நான் நோட்டை எடுத்தேன். எழுதி முடிப்பதற்குள் கை நீட்டிப் பிடுங்கிக்கொண்டாள். அதிலிருந்த எல்லாருடைய பேச்சையும் எழுத்துக்கூட்டி வாசித்து, பக்கத்தில் பென்சிலால் மார்க் போட ஆரம்பித்தாள். பத்துக்கு. டிரைவருக்கு ஏழு. சிஸ்டருக்கு நாலு, ‘ரொம்ப கண்டிப்பு’ என்று காரணத்தோடு. அவளுக்கு அவளே பத்து. அன்றிலிருந்து புதன்தோறும் கட்டுப் பிரிப்பதற்கு முன்னால் நோட்டைச் சமர்ப்பித்தாக வேண்டும். இல்லாவிட்டால் காலைக் காட்ட மாட்டாள்.

அந்த வீட்டில் ஒரு வேடிக்கை. முதல் நாள் நாங்கள் கிளம்பும்போது அப்பா ஜீப் வரைக்கும் வந்து, “டிரஸ்ஸர் சார், நோய் நெஞ்சுக்கு ஏறுனது கொழந்தைக்குத் தெரியாது. நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க” என்றார். அடுத்த வாரம் அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் என் காதருகே குனிந்து, “மாமா, எனக்குத் தெரியும்ன்றது எங்கப்பாக்குத் தெரியாது. சொல்லிட்டீங்கன்னா பாவம், பேஜாராயிடுவாரு” என்றாள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். வாயாடி என்று பேர் வாங்கின என்னை அந்த வீடு இப்படி இரண்டு பக்கமும் பூட்டிவைத்தது.

அம்மா அதிகம் பேச மாட்டார். பேசினால் நோட்டுக்கு வேலை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு பை சாத்துக்குடியோடு வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி அழுதுவிட்டுப் போவார்கள். “தோலும் அழுகையும் போட்டுட்டுப் போறாங்கண்ணே. ரெண்டையும் பெருக்குறது நான்தான்” என்றார் ஒரு நாள். மகள் அதற்கு ஒன்பது மார்க் போட்டாள். அந்த நோட்டில் வேறு யாருக்கும் அவள் ஒன்பது போட்டதில்லை.

அப்புறம் அந்த அரிப்பு விஷயம். வெட்டி எடுத்த கால் சிலருக்கு இருப்பது போலவே தோன்றும். வலிக்கும், மரத்துப்போகும், அரிக்கும். ஒரு புதன்கிழமை கட்டை முடித்துவிட்டு எழுந்தேன்.

“மாமா, அரிக்குது.”

“எங்க?”

“வலது கால் கட்டவெரல்ல.”

இல்லாத காலின் இல்லாத விரல். நான் சிஸ்டரைப் பார்த்தேன். “அரிக்குதுன்னா சொறிஞ்சு வுடு. இன்னா பாத்துக்கினு நிக்கற?” என்றார் சிஸ்டர். சரியென்று உட்கார்ந்து, கட்டில்மேல் விரித்திருந்த பாயில் கால் இருக்க வேண்டிய இடத்தில் காற்றைச் சொறிந்தேன்.

“அங்க இல்ல, கொஞ்சம் கீழ. ஐயே, அது குதிகால் மாமா! இந்தப் பக்கம். ஆங்… அங்கதான்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு நிஜமாகவே சுகப்பட்டாள். அந்த நேரம் பார்த்து அப்பா சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தார். வாசற்படியில் நின்றபடி, வேலூரிலிருந்து வந்த ஒரு பெரிய மனுஷன் வெறும் பாயை மும்முரமாகச் சொறிந்துகொண்டிருப்பதையும், சிஸ்டர் அதை மேற்பார்வை பார்ப்பதையும் பார்த்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் திரும்பி வெளியே போய்விட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் இரண்டு வாரம் கழித்து நாங்கள் சீக்கிரமே போய்விட்ட ஒரு நாள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் தரையில் குந்தி, பாயைச் சொறிந்துகொண்டிருந்தார். “இன்னும் கீழப்பா” என்று குரல் வந்தது. அவரும் கீழே போனார். நாங்கள் ஜீப்பிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம் உள்ளே போனோம்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் அவள் போய்விட்டாள். அதை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கு அவள் பூஜ்யம்தான் போடுவாள்.

போட்டோ சமாச்சாரத்துக்கு வருகிறேன். அவள் ஐந்தாம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தோடு முடிவதால் வருஷத்துக்கு ஒரு முறை ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் குரூப் போட்டோ உண்டு. கூடப் படிக்கிற பெண் ஒருத்தி வந்து சொல்லிவிட்டுப் போனாள்: வர்ற மாசம், புதன்கிழமை, பத்து மணி, யூனிபாரம், கருப்பு ஷூ. அதைக் கேட்டதிலிருந்து இவளுக்கு வேறு பேச்சில்லை.

“நான் ஒயரமா இருக்கேன்னு கடைசி வரிசைல பெஞ்சு மேல நிக்க வச்சிருப்பாங்க மாமா. தல மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். இப்ப முடியுமா? மிஸ்ஸு பக்கத்துல நாற்காலி போட்டுத்தான ஆவணும்? ஒரு கால் போனதுக்கு ஒரு நாற்காலிகூடக் கெடைக்கலன்னா எப்டி?”

பத்து மார்க். இந்த முறை நானே போட்டேன்.

ஆனால் அப்பா முடியாது என்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது, தூசி, வெயில், எல்லாரும் பார்ப்பார்கள் என்று காரணம் காரணமாய் அடுக்கினார். சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். தலையணை கொண்டுபோகலாம், ஜீப் வாசலிலேயே நிற்கும், பத்து நிமிஷ வேலை. அவர் மசியவில்லை. அவள் என்னைத் தூது அனுப்பினாள். “நீங்க பேசுனா கல்லுகூடக் கரையும் மாமா” என்றாள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

வாசலில் நின்று அவரிடம் பேசினேன். அரை மணி நேரம், எனக்குத் தெரிந்த அத்தனை பேச்சையும் இறக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“போட்டோ புடிச்சா வீட்ல மாட்டணும் சார். மாட்டுனா தெனம் பாக்கணும்.”

திரும்பி வரும்போது சிஸ்டர், “நீ பேசாம இருந்திருந்தா பாதி வேல முடிஞ்சிருக்கும்” என்றார்.

அடுத்த புதன்கிழமை நாங்கள் போனபோது பேச்சு வேறு திசைக்குப் போயிருந்தது. அப்பா கடைசியாக ஒரு காரணத்தைப் பிடித்துவைத்திருந்தார். ஷூ இல்லை. கால் போனதும் அவளுடைய பழைய ஷூ ஜோடி கண்ணில் படவே வேண்டாம் என்று யாருக்கோ கொடுத்துவிட்டார். “ஷூ இல்லாம எப்டிம்மா போட்டோக்கு நிப்ப?” என்றார்.

அவள் தலையணையில் சாய்ந்தபடி அவரை நன்றாகப் பார்த்தாள். எலி வந்துவிட்டதா என்று பூனை பார்க்கிற பார்வை.

“நீ எங்கப்பா வேல செய்யுற?”

“இன்னா கேள்வி இது? ஷூ கம்பெனில.”

“எந்த ரூம்ல?”

“சாம்பிள் ரூம்ல.”

இதை விளக்க வேண்டும். வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் பார்ப்பதற்காக ஒவ்வொரு மாடலிலும் மாதிரி செய்து அனுப்புவார்கள். அதைச் செய்கிற இடம்தான் சாம்பிள் ரூம். கம்பெனியிலேயே கைவேலை சுத்தமான ஆட்களைத்தான் அங்கே வைப்பார்கள். அவர் பதினோரு வருஷமாக அங்கேதான். மாதிரி பார்ப்பதற்கு ஜோடி எதற்கு? அவர்கள் கம்பெனியில் ஒற்றை ஷூதான் செய்வார்கள்.

“சாம்பிள்னா எத்தினி செய்வ?” என்றாள் அவள்.

“ஒண்ணு.”

“எனக்கு எத்தினி வோணும்?”

அப்பாவின் பார்வை அவள் காலுக்கு இறங்கியது.

“ஊர்ல இருக்கற புள்ளைங்க எல்லாத்துக்கும் ரெண்டு வோணும். உன் சாம்பிள் அதுங்களுக்கு ஒதவாது. எனக்குத்தான் சரியா இருக்கும். நான்தாம்ப்பா உன் கஸ்டமரு.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிஸ்டர் மருந்து பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, என்னவோ முக்கியமாகப் படிப்பது போல நின்றார். கடைசியில் அப்பா, “மேஸ்திரி கிட்ட கேட்டுப் பாக்குறேன்” என்றார். அந்த வீட்டில் அது ‘சரி’ என்பதற்குச் சமம்.

மேஸ்திரி வெட்டுத் துண்டிலிருந்து நல்ல கருப்புத் தோலாகப் பார்த்து எடுத்துக்கொடுத்தாராம். மத்தியானம் அவள் தூங்கும்போது அப்பா வந்து நூலால் பாதத்தை அளந்துகொண்டு போனாராம். “நான் தூங்கவே இல்ல மாமா. உள்ளங்கால்ல நூலு கூச்சமா இருந்துச்சு. சிரிப்ப அடக்கிக்கினு படுத்துருந்தேன்” என்றாள். அது ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவர் நினைக்கிறார். ஆச்சரியப்பட வேண்டும் என்று இவள் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக்கூட நடித்துக் காட்டினாள். வாயைப் பிளந்து, கண்ணை உருட்டி. “கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு” என்றேன். குறைத்துக்கொண்டாள்.

போட்டோவுக்கான புதன்கிழமை. ஜீப் எங்களை ஏமாற்றவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் நாங்கள் அங்கே இருந்தோம். அவளுக்கு யூனிபாரம் போட்டு, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, பவுடர் அப்பியிருந்தார் அம்மா. சிஸ்டர் வலி மருந்தையும் மூச்சுக்கான மருந்தையும் மணி கணக்குப் பார்த்து முன்கூட்டியே கொடுத்தார். நான் கட்டை மாற்றி, பாவாடைக்கு வெளியே தெரியாதபடி மடித்துக் குத்தினேன். போகலாமா வேண்டாமா என்று அப்பா இன்னும் வாயால் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் இல்லை. கம்பெனிக்குப் போய் எதையோ எடுத்து வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

ஒன்பது இருபதுக்கு சைக்கிள் மணி கேட்டது. அவள் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

அப்பா உள்ளே வந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். அதை அவள் மடியில் வைத்தார். அவள் பிரித்தாள்.

அந்த ஷூவை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்ப்பேன். மையிருட்டு போல கருப்பு. தையல் ஒன்றுக்கொன்று மயிரிழை விலகவில்லை. குறுக்கே ஒரு பட்டை, வெளிப்பக்கம் சின்ன வெள்ளிப் பக்கிள். கப்பலேறி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போகிற எந்த ஷூவுக்கும் அப்படி ஒரு வேலை செய்திருக்க மாட்டார்கள். அவள் பயிற்சி எடுத்த ஆச்சரியத்தை மறந்தே போனாள். நிஜமான ஆச்சரியம் வந்துவிட்டது. கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்புறம் ஒரு இடத்தில் கை நின்றது. ஷூவைப் பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்த தன் இடது காலைப் பார்த்தாள். மறுபடியும் ஷூவைப் பார்த்தாள்.

எனக்கு முன்னால் அம்மாவுக்குப் புரிந்தது. “ஐயோ” என்றார், சத்தமே வராமல்.

அது வலது கால் ஷூ.

அவர்கள் சாம்பிள் ரூமில் எப்போதும் வலது காலுக்குத்தான் செய்வார்கள். அங்கே இருக்கிற மரக்கட்டைகள் எல்லாம் வலது பாதம். தோலை அந்தக் கட்டையின்மேல் இழுத்துத்தான் ஷூவுக்கு உருவம் கொடுப்பார்கள். நூலில் அளந்த நீளத்துக்குச் சரியான கட்டையைத் தேடி எடுத்திருக்கிறார். பதினோரு வருஷப் பழக்கத்தில் கை தன் வேலையைச் செய்துவிட்டது. மகளுக்கு இருப்பது எந்தக் கால் என்பதைக் கை மறந்துவிட்டது.

அப்பா பார்த்தார். முகம் வெளிறிப்போனது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்” என்றார். “வேணாம்மா. இது நல்லதுக்கில்ல. போட்டோவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான்… என் கையால…”

அவளுக்கு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நான் பஞ்சை எடுத்தேன். அழவில்லை. உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலாகி, மறுபடியும் சிரிப்பாகி வந்தது. சிஸ்டர் ஓடிவந்து முதுகைத் தாங்கினார். கண்ணில் தண்ணீர் வர, மூச்சு பிடித்துப் பிடித்துச் சொன்னாள்:

“அப்பா… அந்தக் காலு… அரிக்குதுன்னுதான சொன்னேன்… ஷூ வோணும்னு எப்பப்பா கேட்டுது?”

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எனக்கு. சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “வேற செருப்பு எதுனா போட்டுக்கோடி, யாரு காலப் பாக்கப் போறாங்க?” என்றார்.

“நான் இதத்தான் போடுவேன்.”

“தப்புக் கால்ல போட்டா வலிக்கும்டி.”

“நடக்கவா போறேன் சிஸ்டர்? உக்காரத்தான போறேன்?” என்றாள். அப்பா இன்னும் சுவரோடு ஒட்டித்தான் இருந்தார். அவர் பக்கம் திரும்பினாள். “பக்கிளு உள்பக்கம் வரும், அவ்ளோதானப்பா. போட்டோல யாருக்குத் தெரியும்? அதும் இல்லாம எங்க கிளாஸ்ல பாதிப் பேரு மாத்திப் போட்டுக்கினுதான் வர்றாங்க. மிஸ்ஸு இன்னா, அடிக்கவா செய்யுறாங்க?”

சொல்லிவிட்டு ஷூவைத் தரையில் வைத்தாள். இடது காலை அதற்குள் விட்டு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். முகம் சுளித்தது, ஆனால் கால் உள்ளே போய்விட்டது. “பட்டைய மாட்டு” என்று அப்பாவுக்கு உத்தரவு போட்டாள். அவர் வந்து அவள் முன்னால் குந்தினார். அந்தக் கைதேர்ந்த மனுஷனுக்கு அந்தச் சின்னப் பக்கிள் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை மாட்டிவிட்டு, முகத்தை அவளிடம் காட்டாமல் இருக்க, குந்தியபடியே முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

அவள் எங்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். ஒற்றைக் காலால் ஒரு எம்பு எம்பி, உப்பு மூட்டையாக அவர் முதுகில் ஏறி, இரண்டு கையையும் அவர் கழுத்தில் கோத்துக்கொண்டாள்.